சாவி வாங்கினால் பொறுப்பும் வாங்கினோம்!

(மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மன்றச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. கவிதை எழுத வகுப்புக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். விஷயம் என்னவென்று சொன்னால் தூக்கம் வரும்: ஒர்க்‌ஷாப் வைப்பவர்களுக்கான பொறுப்புக் காப்பீடு. தயவு செய்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இதில் ஒரு விபத்தும் வருகிறது. அதற்குக் காரணமானவன் நான்தான்.

நம் வகுப்பில் "டிப்ளமோ முடிச்சிட்டு என்னப்பா பண்ணப் போற?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "கம்பெனியில ரெண்டு வருஷம், அப்புறம் சொந்தமா ஒரு ஷெட்" என்பார்கள். இடத்துக்கு அட்வான்ஸ், கம்ப்ரசர், ஜாக்கி, டூல்ஸ், ஸ்கேனர், வாஷிங் பம்பு என்று செலவுக் கணக்கையும் விரல் விட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி இருக்காது. கேட்டால், "ஏதோ ஒண்ணு போட்டாப் போச்சு" என்பார்கள். எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் ஏதோ ஒண்ணு போட்டிருந்தார்.

அன்று நடந்தது

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி ஷெட்டில் லோடுமேன். சித்தப்பா ஏழாவதோடு நின்று ஸ்பேனர் பிடித்தவர். பல வருஷம் பல இடத்தில் வேலை பார்த்து, பைபாஸ் ஓரத்தில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டார். என்னை இந்தப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான். "நாங்க கையால படிச்சோம், நீ புஸ்தகத்தால படிடா" என்பார்.

சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கே வேலைக்குப் போனேன். ஒரு நாள் மதியம் ஒரு காருக்கு முன் பிரேக் பேடு மாற்றினேன். காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேடு போட்டு, வீல் மாட்டி, ஜாக்கியை இறக்கினேன். அதோடு சாப்பிடப் போய்விட்டேன்.

இதைப் படிக்கும் ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். மற்றப் பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டனை உள்ளே தள்ளினால், வேலை முடிந்ததும் பெடலை நாலைந்து முறை மிதித்து, பிஸ்டன் மறுபடி பேடைத் தொடும்படி கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போய்விடும், பிரேக் பிடிக்காது. நான் மிதிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

வேறொரு வண்டிக்கு இடம் வேண்டும் என்று ஹெல்பர் அண்ணன் அந்தக் காரை எடுத்தார். எங்கள் ஷெட்டுக்கு முன்னால் சரிவு. அவர் பிரேக்கை மிதிக்க, அது தரையோடு போக, கார் நேராகப் போய் ஓரமாக நின்ற இன்னொரு கஸ்டமரின் பைக்கில் மோதியது. பைக் சாய்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கார் சுவரில் முட்டி நின்றது. பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் மூன்றும் போயின. ஹெல்பர் அண்ணனுக்கு மணிக்கட்டு பிசகியது.

பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "பயப்படாதடா, நம்மகிட்டதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பாலிசியை எடுத்துக் கொடுத்தார். "படிச்சுச் சொல்லு."

அது இங்கிலீஷில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நாலு வருஷமாக அவர் பிரீமியம் கட்டியிருக்கிறார். நாலு வருஷமாக அந்தக் காகிதம் அதே இடத்தில்தான் இருந்தது. நானும் எத்தனையோ முறை அந்தச் சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசியிருக்கிறேன். ஒரு முறைகூட எடுத்துப் பார்த்ததில்லை. அன்றுதான் வாசித்தேன். தீ விபத்து, திருட்டு. கம்ப்ரசர், டூல்ஸ், ஸ்பேர்ஸ். அவ்வளவுதான்.

"சித்தப்பா, இது நம்ம பொருளுக்குத்தான். அடுத்தவங்க வண்டிக்கும் ஆளுக்கும் இதுல ஒண்ணும் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏஜென்ட் எல்லாம் கவர் ஆகும்னு சொன்னாரேப்பா" என்றார்.

கார், பைக், பெரியவரின் வைத்தியம் எல்லாம் சேர்த்து 1,42,000 ரூபாய். சித்தியின் செயின் அடகுக்குப் போனது. என் மூன்றாமாண்டுக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணமும் அதில் போனது. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் என் கட்டணத்தைக் கட்டினார். அதன் பிறகுதான், இனிமேல் எந்த பாலிசி வாங்கினாலும் நான் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். காப்பீட்டு அலுவலகத்துக்கு நாலைந்து முறை நடந்தேன். எங்கள் துறை ஆசிரியர் ஒருவரும் உதவினார். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் கீழே தருகிறேன்.

நம்மிடம் பணம் கேட்கக் கூடியவர்கள் யார்?

சொத்துக் காப்பீடு நம் பொருளுக்கு. பொறுப்புக் காப்பீடு என்பது, நம் தவறால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்து, அதற்காக நாம் சட்டப்படி கொடுக்க வேண்டி வரும் பணத்துக்கு. ஆகவே பாலிசி பார்ப்பதற்கு முன், நம்மிடம் யார் யார் பணம் கேட்க முடியும் என்று பட்டியல் போட வேண்டும். ஒர்க்‌ஷாப்காரருக்கு ஐந்து பக்கமிருந்து வரலாம்.

1. நம் கையில் இருக்கும் வண்டி

கஸ்டமர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நிமிடத்திலிருந்து அந்த வண்டி நம் காவலில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ அப்படி அந்தப் பொருளையும் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது. அப்படிக் கவனித்தும் சேதம் வந்தால், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது நாம் பொறுப்பல்ல என்கிறது 152-ஆம் பிரிவு.

"அதுக்குத்தான் 'வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு போர்டு வச்சிருக்கோமே" என்று நினைப்பீர்கள். ஒரு வழக்கைக் கேளுங்கள். 1998-இல் டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனவர், ஓட்டல் ஆளிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கார் திருடு போயிற்று. காப்பீட்டு நிறுவனம் அவருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஓட்டலிடம் அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டது. "ஓனர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஓட்டல். முதலில் நீ ஒழுங்காகக் கவனித்தாய் என்று நிரூபி, அதற்குப் பிறகுதான் அந்த வாசகம் பேசும் என்ற கருத்தில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, போர்டு இன்சூரன்ஸ் ஆகாது. இரண்டு, "கஸ்டமர் வண்டிக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, நமக்கென்ன" என்று இருக்க முடியாது. கஸ்டமருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அவர் இடத்தில் நின்று நம்மிடம் கேட்கும். இந்த உரிமைக்கு சப்ரொகேஷன் என்று பெயர்.

2. டிரையல் போகும் வண்டி

பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. பழுதுபார்க்க விட்ட வண்டியை ஒர்க்‌ஷாப் தரப்பு ஆள் எடுத்து, வெளியாள் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலும், வண்டியின் காப்பீட்டு நிறுவனம் காயம்பட்டவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. காயம்பட்டவருக்கு இது பாதுகாப்பு. நமக்கு இதை மட்டும் நம்ப முடியாது. தனியார் கார் பாலிசியில் "உபயோக வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். வாடகை, பந்தயம், வேகச் சோதனை இவற்றோடு "மோட்டார் வியாபாரம் சம்பந்தமான எந்த உபயோகமும்" விலக்கு என்று அதில் போட்டிருக்கும். வண்டியின் சேதத்துக்கு இந்த வரியை வைத்துப் பேச்சு வரலாம்.

லைசென்ஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. எங்கள் ஹெல்பர் அண்ணனிடம் இருந்தது டூவீலர் லைசென்ஸ் மட்டும். கார் ஓட்ட நன்றாகத் தெரியும். ஆனால் தெரியும் என்பது வேறு, லைசென்ஸ் இருக்கிறது என்பது வேறு. எந்த பாலிசி வாங்கினாலும் இந்த இடத்தில் அது கைவிட்டுவிடும்.

3. நம் இடத்துக்கு வரும் ஆள்

தரையில் கொட்டிய ஆயிலில் கஸ்டமர் வழுக்கி விழலாம். மூடாமல் விட்ட பிட்டில் குழந்தை விழலாம். வெல்டிங் பொறி பறந்து பக்கத்துக் கடைப் பந்தல் எரியலாம். இவர்கள் எல்லாரும் நம்மிடம் கேட்கலாம்.

4. டெலிவரி கொடுத்த பிறகு

ஆயில் மாற்றி டிரெயின் பிளக்கைச் சரியாக முடுக்காமல் விட்டோம். நூறு கிலோமீட்டர் தாண்டி ஆயில் வடிந்து இன்ஜின் சீஸ் ஆகிறது. வண்டி நம் ஷெட்டில் இல்லை, ஆனால் பொறுப்பு நம்மிடம்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, ஒரு பொருளுக்குச் சர்வீஸ் செய்பவரின் பொறுப்பைத் தனியாகவே சொல்கிறது. சர்வீஸ் குறைபாடு, அஜாக்கிரதை மட்டுமல்ல, ஆபத்தைத் தடுக்கத் தேவையான எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டதும் அதில் வருகிறது. "பின் டயர் தேஞ்சிருக்கு சார், மாத்திடுங்க" என்று வாயால் சொன்னால் போதாது, ஜாப் கார்டில் எழுத வேண்டும்.

5. நம்மிடம் வேலை செய்பவர்

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்கு ஈ.எஸ்.ஐ. வரும். நாலு பேர் வேலை செய்யும் ஷெட்டில் ஒருவருக்கு விபத்து என்றால் முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். இந்தச் சட்டம் 1923-இலேயே வந்தது. இப்போது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்குகிறது. வேலையில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறைந்தால் எண் பெரிதாகும்.

அந்த அட்டவணையில் என் வயதைத் தேடினேன். 18 வயதுக்கு 226.38. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் என் வயதுப் பையன் ஒருவன் லிஃப்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், 6,000 பெருக்கல் 226.38, அதாவது 13,58,280 ரூபாய். நாலு பேர் வேலை செய்யும் ஷெட்டுக்காரர் எந்த செயினை அடகு வைத்து இதைக் கொடுப்பார்? கொடுக்காவிட்டால் அந்தப் பையனின் அம்மா என்ன செய்வார்? இரண்டு பக்கமும் நம்மைப் போன்ற குடும்பம்தான்.

எந்த பாலிசி எதற்கு?

இப்போது பாலிசிக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்புக் காப்பீடு வேண்டும் என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, அதாவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. (1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1991-இல் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. அது அபாயகரமான ரசாயனங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் இடங்களுக்குக் கட்டாயமானது. நாம் பேசுவது அதுவல்ல. சாதாரண ஒர்க்‌ஷாப் விருப்பப்பட்டு வாங்குவது.) மேலே மூன்றாவதாகச் சொன்ன ஆயில் வழுக்கல், பிட், வெல்டிங் பொறி இவற்றுக்கு இது பொருத்தம்.

ஆனால் இதன் விலக்குகளைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பராமரிப்பிலும் காவலிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள அடுத்தவர் பொருளுக்கு ஏற்படும் சேதம் கிடையாது என்று இருக்கும். நம் கட்டுப்பாட்டில் இருக்கும் அடுத்தவர் பொருள் என்ன? கஸ்டமரின் வண்டிதான்! துணிக்கடைக்கோ ஓட்டலுக்கோ இது சின்ன விலக்கு. நமக்கு இதுதான் தொழிலே. மோட்டார் வாகனச் சட்டப்படி காப்பீடு செய்ய வேண்டிய பொறுப்பும் இதில் விலக்கு. விற்ற பொருளால் பின்னால் வரும் பொறுப்பும் பொதுவாக இதில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்படியானால் வண்டிக்கு என்ன? மோட்டார் டிரேட் பாலிசி என்று ஒரு வகை இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இது மூன்று வகையாக இருக்கிறது. ஒன்று ரோடு டிரான்சிட் ரிஸ்க், அது வண்டியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டிப் போகும் வியாபாரிகளுக்கு. இரண்டாவது ரோடு ரிஸ்க், வண்டியை ரோட்டில் எடுக்கும்போது வரும் ஆபத்துக்கு. மூன்றாவது இன்டர்னல் ரிஸ்க், நம் இடத்துக்குள்ளே வண்டிகளுக்கு வரும் ஆபத்துக்கு. ஒர்க்‌ஷாப்காரர் கேட்க வேண்டியது பின் இரண்டும். எல்லா ஏஜென்ட்டும் இதை விற்றுப் பழகியிருக்க மாட்டார். நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிளை அலுவலகத்தில் தெரியாது என்றால் கோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லலாம்.

வேலைக்காரர்களுக்கு எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசி. பழைய ஆட்கள் இன்னும் ஒர்க்மென் காம்பென்சேஷன் என்றே சொல்கிறார்கள். டெலிவரிக்குப் பிறகு வரும் பொறுப்பைத் தனியாகவோ இணைப்பாகவோ கேட்க வேண்டும். அதிலும் ஒன்று கவனியுங்கள். தவறாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் கூலியைப் பொதுவாக எந்த பாலிசியும் தராது. அந்தத் தவறால் கெட்டுப்போன இன்ஜினுக்குத்தான் பேச முடியும்.

சித்தப்பாவின் விபத்தை ஓட்டிப் பார்ப்போம்

லேபில் ஒரே இன்ஜினுக்குப் பல லோடு கொடுத்து ரீடிங் எடுப்போம் அல்லவா? அதேபோல அந்த ஒரே விபத்தை ஒவ்வொரு பாலிசியிலும் போட்டுப் பார்த்தேன்.

தீ, திருட்டு பாலிசி: ஒன்றும் இல்லை. நடந்தது அதுதான்.

பப்ளிக் லயபிலிட்டி மட்டும் இருந்திருந்தால்: கார் நம் காவலில் இருந்தது, ஆகவே இல்லை. பைக்கும் கஸ்டமர் வேலைக்கு விட்டது, ஆகவே அதுவும் இல்லை. பெரியவரின் காலுக்காவது வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காயம் ஓடிய வண்டியால் வந்தது. "இது மோட்டார் பாலிசி பார்க்க வேண்டியது" என்று அவர்கள் சொல்ல இடம் இருக்கிறது. மோட்டார் பாலிசிக்காரர் "இது ஒர்க்‌ஷாப்புக்குள் நடந்தது" என்று திருப்பி விடலாம். நடுவில் பெரியவர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருப்பார்.

மோட்டார் டிரேட் இன்டர்னல் ரிஸ்க் இருந்திருந்தால்: கார், பைக், பெரியவர் மூன்றையும் இதன் கீழ் கேட்டிருக்கலாம். ஆனால் ஓட்டியவர் லைசென்ஸ் என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும்.

எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன்: ஹெல்பர் அண்ணனின் மணிக்கட்டு மட்டும்.

ஒரே விபத்து, நாலு பதில். "ஏதோ ஒண்ணு போட்டாப் போச்சு" என்பது ஏன் ஆகாது என்று இப்போது தெரிகிறதல்லவா?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அ) முதலில் பிரீமியத்தைப் பார்க்காதீர்கள், விலக்குகளைப் பாருங்கள். பிரீமியம் குறைவாக இருந்தால் எதை வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

ஆ) இரண்டு வரம்பு இருக்கும். ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் எவ்வளவு. ஏஓஏ, ஏஓஒய் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எடுத்தால், ஒரு விபத்துக்கு 10 லட்சம், ஆண்டுக்கு 20 லட்சம். உங்கள் ஷெட்டில் ஒரே நேரத்தில் நிற்கும் வண்டிகளில் விலை அதிகமானது எது, எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வரம்பை முடிவு செய்யுங்கள். வக்கீல் செலவும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்குமா என்றும் கேளுங்கள்.

இ) எக்ஸஸ் எவ்வளவு? ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் இத்தனை ரூபாய் நம் கையிலிருந்து போக வேண்டும் என்பதுதான் எக்ஸஸ். அது பெரிதாக இருந்தால் சின்ன விபத்துக்கெல்லாம் பாலிசி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஈ) பொதுப் பொறுப்பு பாலிசிகள் பெரும்பாலும் "கிளெய்ம் வந்த தேதி" அடிப்படையில் இருக்கும். ஜனவரியில் நடந்த தவறுக்கு ஜூனில் நோட்டீஸ் வந்தால், ஜூனில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பாலிசியில் போட்ட ரெட்ரோஆக்டிவ் தேதியும் ஜனவரிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டுவிட்டால் பழைய தேதி போய்விடும்.

உ) செய்கிற வேலையை எல்லாம் எழுதிக் கொடுங்கள். பெயின்டிங், வெல்டிங், காஸ் கிட், பேட்டரி வண்டி எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது விபத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். பக்கத்துக் காலி மனையில் வண்டி நிறுத்துகிறீர்கள் என்றால் அந்த இடத்தின் முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும்.

ஊ) 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் முன்னதாகக் கிடைக்காமல் கம்பெனி பொறுப்பு ஏற்க முடியாது. "அடுத்த வாரம் கட்டறேன்" என்ற கடன் பேச்சு இதில் நடக்காது.

எ) ஏஜென்ட் வாயால் சொன்னது பாலிசி ஆகாது. "டிரையல் ஓட்டும்போது கஸ்டமர் வண்டி அடிபட்டால் உண்டா?" என்று ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சண்டை வந்தால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், சென்னையிலும் அவர் அலுவலகம் உண்டு. தனிநபர் தொழில் செய்பவரும் குறுந்தொழில் செய்பவரும் அவரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயும் காகிதம்தான் பேசும்.

இன்சூரன்ஸ் இருந்தால் போதுமா?

போதாது. பெரியவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். "வயசுப் பையன், விடு தம்பி" என்றார். அதைவிட அவர் ஒரு அறை அறைந்திருக்கலாம். இப்போதும் அவர் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார். எந்த பாலிசியும் அந்த நடையைச் சரி செய்யாது.

எங்கள் ஷெட்டில் இப்போது மூன்று வழக்கம் இருக்கிறது. வண்டி உள்ளே வரும்போதே கீறல், நசுங்கல் எல்லாம் ஜாப் கார்டில் எழுதி, போனில் படம் எடுத்து, கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குகிறோம். வேலை பாதியில் நிற்கும் வண்டியின் சாவி ஆணியில் தொங்காது, வேலை செய்தவன் பையில்தான் இருக்கும். கார் லைசென்ஸ் இல்லாதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஹெல்பர் அண்ணனும் இந்த ஆண்டு கார் லைசென்ஸ் எடுத்துவிட்டார். ஸ்டியரிங்குக்கு நேர் எதிர்ச் சுவரில் "பெடலை மிதி" என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறோம். எழுதியது நான்.

சித்தப்பா இந்த முறை பாலிசி எடுக்கும் முன் என்னை ஊரிலிருந்து வரச் சொன்னார். இரண்டு இடத்தில் விலை கேட்டிருந்தார். குறைந்த விலையில் இருந்தது வெறும் பப்ளிக் லயபிலிட்டி. இன்னொன்றில் இன்டர்னல் ரிஸ்க், ரோடு ரிஸ்க், வேலைக்காரர் மூன்றும் இருந்தன, விலை கூடுதல். நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். வாசித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. "ரெண்டாவதையே போடுடா" என்றார். பிறகு, "இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேன்" என்றார். செமஸ்டரில் எடுத்த எந்த மார்க்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. செயின் மட்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய் முதலில் அதை மீட்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். உங்கள் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னாலோ, டிரங்குப் பெட்டியிலோ, அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ இப்படி ஒரு காகிதம் இருக்கும். இந்த விடுமுறைக்குப் போனதும் அதை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். விபத்து நடந்த அன்று வாசிக்காதீர்கள். நான் அப்படித்தான் வாசித்தேன்.